அளவெடுத்துத் தைத்த மின்மாற்றி

குரோம்பேட்டையில் எங்கள் குடும்பம் நடத்தும் ஜவுளிக்கடை, தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து தளங்கள் கொண்டது. மேல் இரண்டு தளங்களும் பல ஆண்டுகளாகக் கிடங்காகவே கிடந்தன. 2023-இல் அவற்றையும் விற்பனைக்குத் திறந்து, உச்சித் தளத்தில் ஒரு சைவ உணவகமும், புதிதாக இரண்டு லிஃப்டுகளும், வண்டி நிறுத்துமிடத்தில் மின்வண்டிகளுக்கான சார்ஜர்களும், மொட்டைமாடியில், ஓர் இயந்திரமே பல உள் யூனிட்டுகளுக்குக் குளிர் தரும் வி.ஆர்.எஃப். வகைக் குளிரூட்டிகளும் அமைப்பதென்று முடிவு செய்தோம். அதுவரை எங்களிடம் இருந்த 110 கிலோவாட் தாழ்வழுத்த இணைப்பு இதற்கெல்லாம் ஈடுகொடுக்காது. 11 கிலோவோல்ட் உயரழுத்த இணைப்புக்கு மாறி, சொந்தமாக மின்மாற்றி வைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்த மாற்றத்துக்கான கணக்குகளையும் வரைபடங்களையும் செய்து தந்த ஒரு மின் வடிவமைப்பு ஆலோசகரின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. பாராட்டோடு ஒரு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அவருடைய பெயரையோ, பேனல் (பிரேக்கர்கள் பொருத்திய மின்பெட்டி) செய்து தந்தவரின் பெயரையோ இங்கே எழுதவில்லை.

ஆலோசகர் ஒருவர் தேவையா என்ற கேள்வியே முதலில் எங்கள் வீட்டில் இருந்தது. ஏனென்றால் கடைக்கு நெடுநாளாக வயரிங் வேலை பார்த்து வரும் ஒப்பந்ததாரர் ஒருவர், அரை மணி நேரத்தில் ஒரு தாளில் கணக்கைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். பழைய கருவிகள் எல்லாவற்றின் திறனும் சேர்ந்து 170 கிலோவாட், புதியவை 240 கிலோவாட், ஆக மொத்தம் 410; அதைத் திறன்காரணி (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8-ஆல் வகுத்தால் 512 கேவிஏ (மின்மாற்றியை அளக்கும் அலகு). எதிர்காலத்துக்கு இருபது சதவீதம் கூட்டினால் 615. ஆகவே 630 கேவிஏ மின்மாற்றி, 1000 ஆம்பியர் ஏ.சி.பி. (கடை முழுவதற்குமான பிரதான பிரேக்கர்), மின்வாரியத்தில் 500 கேவிஏ தேவைக்கு விண்ணப்பம். பெரியப்பாவுக்கு இந்தத் தாள் மிகவும் பிடித்துப்போயிற்று. "ஒரேயடியாப் பெருசாப் போட்டுட்டா அப்புறம் பேச்சே இல்லடா" என்றார். எனக்கும் அதில் தவறு ஏதும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்மாற்றியைக் கண்ணாடி பீரோ வாங்குவதுபோலத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆலோசகர் வந்ததும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கருத்து எதுவும் சொல்லவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளின் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டார். மீட்டரில் பதிவான உச்சத் தேவையை ஒவ்வொரு ரசீதிலிருந்தும் தனியே குறித்துக்கொண்டார். அடுத்த வாரம், ஆடித் தள்ளுபடி தொடங்கிய மறுநாள், மின் பயன்பாட்டைத் தொடர்ந்து பதியும் பவர் அனலைசர் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பிரதான பேனலில் மாட்டினார். மூன்று ஃபேஸ் கேபிள்களையும் நியூட்ரலையும் சுற்றி வளையம்போல் நான்கு கிளாம்புகள். அவற்றின் வயர்கள் பேனல் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கைப்பெட்டி அளவு கருவியில் முடிந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கும்படி பதினாறு நாட்கள் அது அங்கேயே இருந்தது. கூட்ட நெரிசலில் யாரும் அதன் மேல் துணிப்பைகளை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனையே நிறுத்த வேண்டியிருந்தது.

பதிவில் கிடைத்தது இதுதான். பெயர்ப்பலகைப்படி 170 கிலோவாட் இருந்த பழைய கருவிகள், ஆடிக் கூட்டத்தின் உச்சத்தில், ஞாயிறு மாலை ஏழு மணி வாக்கில், அரைமணிச் சராசரியாக இழுத்தது 88 கிலோவாட் மட்டுமே. பழைய ரசீதுகளில் மே மாதத்தில் 92 வரை போயிருந்தது. அவர் அந்தப் பெரிய எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொண்டார். அதாவது, எங்களிடம் உள்ள கருவிகளில் ஏறத்தாழப் பாதிதான் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. லிஃப்ட் ஏறும்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருப்பதில்லை. எல்லாக் குளிரூட்டிகளின் கம்ப்ரசர்களும் ஒன்றாக ஓடுவதில்லை. இது யாரும் அறியாத ரகசியமன்று. ஆனால் அதை எண்ணாக்கிக் காட்ட ஒருவர் பதினாறு நாட்கள் கருவியை மாட்டி வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தச் சேவையில் நான் முதலில் மதிக்கும் செய்தி.

புதிய பளுவை (புதிய கருவிகள் இழுக்கப்போகும் மின்சாரத்தை) அளக்க முடியாது, ஏனெனில் அது இன்னும் வரவில்லை. அதற்கு அவர் ஒவ்வொரு வகையிலும் ஒரே நேரத்தில் எவ்வளவு ஓடும் என்று தனித்தனி விகிதம் வைத்தார். குளிரூட்டிகள் 130 கிலோவாட்டுக்கு 0.85, சமையலறை 45-க்கு 0.6, லிஃப்டுகள் 22-க்குப் பாதி, சார்ஜர்கள் 22-க்கும் பாதி, விளக்குகளும் பில் போடும் கணினிகளும் 21-க்கு 0.9. கூட்டினால் 178 கிலோவாட். பழைய 92-ஐயும் சேர்த்தால் 270. திறன்காரணியைக் கெப்பாசிட்டர் பேனலால் 0.97-க்கு உயர்த்திவிட்டால் அது 278 கேவிஏ. உணவகத்தின் உச்சமும் துணிக்கடையின் உச்சமும் ஒரே நேரத்தில் வராது என்பதற்காக இன்னும் பத்து சதவீதம் கழிக்கலாம் என்றாலும், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்த நியாயத்தையெல்லாம் கேட்காது என்று சொல்லி மின்மாற்றிக் கணக்கில் அதைக் கழிக்காமல் விட்டார். 278-இன் மேல் இருபது சதவீதம் வைத்தால் 334. சந்தையில் வரிசையாகக் கிடைக்கும் அளவுகள் 250, 315, 400, 500, 630 என்று போகின்றன. 315 சற்றுக் குறைகிறது, ஆகவே 400 கேவிஏ.

இதில் பெரியப்பாவை மாற்றியது மின்மாற்றியின் விலையன்று. மின்மாற்றியின் அளவும் மின்வாரியத்திடம் நாம் கேட்டு வாங்கும் தேவையின் அளவும் வெவ்வேறு என்பதை ஆலோசகர் எடுத்துச் சொன்ன விதம்தான் அவரை மாற்றியது. தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோருக்கு, அந்த மாதம் பதிவான உச்சத் தேவை அல்லது ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குத் தேவைக் கட்டணம் விதிக்கப்படுகிறது. 500 கேவிஏ கேட்டு வாங்கியிருந்தால், கடையைப் பூட்டி வைத்திருந்தாலும் மாதாமாதம் 450 கேவிஏக்குக் கட்ட வேண்டும். அவர் பரிந்துரைத்தது 280. அதற்கான குறைந்தபட்சம் 252. இடையிலுள்ள வேறுபாடு 198 கேவிஏ. கேவிஏ ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய்க்கும் மேல் தேவைக் கட்டணம் இருக்கும்போது, அது மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய தொகை. அவர் எங்களிடம் வாங்கிய மொத்தக் கட்டணம் 1,40,000 ரூபாய். பெரியப்பா கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி சொல்றபடியே போகட்டும்" என்று எழுந்து போனார்.

இணைப்பு வந்து ஓர் ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இதுவரை பதிவான உச்சம், கடந்த மே மாதத்தில், 247 கேவிஏ. கணக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது பிரேக்கர்கள். ஒப்பந்ததாரரின் தாளில் பிரதான ஏ.சி.பி.க்கு எதிரே, அது பாதுகாப்பாகத் துண்டிக்கவல்ல ஷார்ட் மின்னோட்டமாக, 50 கிலோஆம்பியர் என்று இருந்தது. ஏன் 50 என்று கேட்டால் "நல்லது சார், ஸ்ட்ராங்" என்பதே பதில். ஆலோசகர் இதற்கு ஒரு பக்கத்தில் கணக்குக் காட்டினார். 400 கேவிஏ மின்மாற்றி 433 வோல்ட்டில் தரும் முழுப்பளு மின்னோட்டம் 533 ஆம்பியர். அதன் உள்மறிப்பு (தன்னுள் பாயும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 4.5 சதவீதம். ஆகவே அதன் முனையிலேயே ஷார்ட் ஆனாலும் பாயக்கூடியது 533-ஐ 0.045-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 12 கிலோஆம்பியர். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் அந்த நொடியில் திருப்பிக் கொடுப்பதையும் சேர்த்தால் 13-ஐ ஒட்டி வரும். 25 கிலோஆம்பியர் தாங்குதிறனே ஏறக்குறைய இரு மடங்கு. 50-க்குச் செலவிட வேண்டியதில்லை.

இங்கே பணத்தை மிச்சப்படுத்தியவர் அடுத்த பக்கத்தில் செலவு வைத்தார், அதற்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. தரைத்தளத்தில் பில் கவுண்டர்களுக்கான டி.பி. (மின்சாரத்தைப் பிரித்துத் தரும் சிறு பெட்டி), பிரதான பேனலிலிருந்து 25 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதற்குப் போவதோ தடித்த 240 சதுர மில்லிமீட்டர் கேபிள். கேபிள் தடியாகவும் குட்டையாகவும் இருந்தால் ஷார்ட் மின்னோட்டம் வழியில் அதிகம் குறையாது. அங்கே போய்ச் சேரும் அளவு பத்தரை கிலோஆம்பியர் என்று கணக்கு வந்தது. சாதாரணமாக டி.பி.யில் மாட்டும் எம்.சி.பி. என்னும் சிறு பிரேக்கர்களின் மேல் செவ்வகக் கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டிருக்கும். அது பத்து கிலோஆம்பியர் வரை துண்டிக்க வல்லது என்று பொருள். எல்லையைத் தாண்டியது அரை கிலோஆம்பியர்தான் என்றாலும், அந்த அரை கிலோஆம்பியரில் அது வெடித்தால் பக்கத்தில் நிற்பது எங்கள் காசாளர்கள். ஆகவே அந்த ஒரு டி.பி.க்கு மட்டும் முன்னால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய எம்.சி.சி.பி. என்னும் பெரிய பிரேக்கர் ஒன்றை, எம்.சி.பி.யோடு சேர்த்துச் சோதிக்கப்பட்ட இணை என்று உற்பத்தியாளரின் அட்டவணையில் உள்ளதைப் பார்த்து வைக்கச் சொன்னார். மேல்தளங்களின் டி.பி.க்களுக்கு இது தேவைப்படவில்லை; மெல்லிய நீளக் கேபிளே அங்கே வேலையைச் செய்துவிடுகிறது.

கேபிள் கணக்கில் நான் கற்றுக்கொண்டது தனிக்கதை. மொட்டைமாடிக் குளிரூட்டிகளுக்கான ஃபீடரை (பேனலிலிருந்து அங்கே போகும் மின்வழியை) எடுத்துக்கொள்ளலாம். 130 கிலோவாட்டை 0.9 திறன்காரணியில் கணக்கிட்டால் 201 ஆம்பியர். 120 சதுர மில்லிமீட்டர் அலுமினிய எக்ஸ்.எல்.பி.இ. (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் உறை) கேபிள் காற்றில் சுமார் 255 ஆம்பியர் தாங்கும் என்று கம்பெனி அட்டவணையில் இருக்கிறது. தாராளமாகப் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 255, காற்றின் வெப்பம் 40 டிகிரி என்று வைத்து, கேபிள் தனியாகக் கிடக்கும்போது உள்ள எண். எங்கள் கேபிள் போகும் ஷாஃப்டில் அதோடு ஒட்டி இன்னும் மூன்று கேபிள்கள் ஏறுகின்றன. உச்சியில் மூடிய தட்டுக்குள் மே மாத மதியம் 50 டிகிரி என்று கொள்ள வேண்டும். வெப்பத்துக்கு 0.89, கூட்டத்துக்கு 0.8 என்று பெருக்கினால் 255 ஆம்பியர் 182 ஆகச் சுருங்குகிறது. 201 அதில் போகாது. போகும், போய்க்கொண்டே இருக்கும், சில ஆண்டுகளில் உறை வறண்டு வெடிப்பு விடும் வரை. எனவே 185 சதுர மில்லிமீட்டர். அதன் 335 ஆம்பியர் சுருங்கி 238 ஆகிறது. அதற்கு முன்னால் 250 ஆம்பியர் எம்.சி.சி.பி., துண்டிக்கும் அளவைக் குறிக்கும் குமிழை 0.9-இல் வைத்து 225 ஆம்பியரில். பளு 201, பிரேக்கர் 225, கேபிள் 238. இந்த மூன்று எண்களும் இந்த வரிசையில் ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்பதே ஃபீடர் கணக்கின் சாரம் என்று அவர் சொன்னார். அறிக்கையில் இருபத்திரண்டு ஃபீடர்களுக்கும் இந்த மூன்று எண்களும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தன. வோல்ட்டேஜ் இழப்பையும் பார்த்திருந்தார். 62 மீட்டருக்கு ஐந்து வோல்ட்டுக்கும் குறைவு, கவலையில்லை.

கெப்பாசிட்டர் பேனல் பற்றி ஒரு வரி போதும். 0.87-லிருந்து 0.97-க்கு உயர்த்த 85 கேவிஏஆர் (கெப்பாசிட்டர்களின் அளவு) என்று கணக்கு வந்தது, 100 வைத்தோம். லிஃப்டுகளிலும் குளிரூட்டிகளிலும் உள்ள டிரைவுகள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள்) கிளப்பும் ஹார்மோனிக்ஸ் (மின்னலை வடிவக் கோளாறுகள்) கெப்பாசிட்டர்களை அடித்துவிடாமலிருக்க 7 சதவீத ரியாக்டர் சுருள்களுடன். கெப்பாசிட்டர் அறையில் ஒரு ரீங்காரம் கேட்கிறது, பழகிவிட்டது.

மின்மாற்றியைக் கடையின் பின்புறத் திறந்தவெளியில் வைத்ததால் எண்ணெய் வகையே போதுமானதாயிற்று. வணிகக் கட்டடத்துக்குள் வைப்பதானால் பொதுவாக எண்ணெய் இல்லாத உலர் வகை வைக்க வேண்டியிருக்கும், அதன் விலை வேறு. எங்களுக்குப் பின்புறம் இடம் இருந்தது நல்லூழ். ஆனால் மேடையையும் தாழ்வழுத்தப் பக்கத்துப் பஸ்பாரையும் (மின்சாரம் ஏந்தும் உலோகப் பட்டைகளையும்) 630 கேவிஏ வரை தாங்கும்படி அமைக்கச் சொன்னார். நாளைக்குப் பெரிய மின்மாற்றி வேண்டியிருந்தால் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினால் போதும், கான்கிரீட்டை உடைக்க வேண்டாம். பெரியப்பாவின் 630-க்கு இப்படி ஓர் இடமும் கிடைத்தது. கிண்டியிலுள்ள மின் ஆய்வுத் துறைக்கான வரைபடங்கள் ஒரே ஒரு திருத்தத்தோடு ஒப்புதல் பெற்றன. நியூட்ரலுக்கு இரண்டும் உடலுக்கு இரண்டுமாகத் தனித்தனி எர்த் குழிகள் வரைபடத்தில் இருந்தன. திருத்தம் வேலியின் தூரத்தைப் பற்றியது.

இனிக் குறை. மின்சாரம் கொடுத்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு உச்சித் தளச் சமையலறையில் மாவரைக்கும் கிரைண்டரின் ஃபீடரில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆயிற்று. அணைந்திருக்க வேண்டியது அந்தக் கிரைண்டர், கூடிப்போனால் சமையலறை. ஆனால் ஐந்து தளமும் ஒரே நொடியில் இருட்டாயின. லிஃப்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவருடைய மாமியாரும் இருந்தார்கள். ஜெனரேட்டரும் உடனே எடுக்கவில்லை, ஏனெனில் பிரதான ஏ.சி.பி. பழுதினால் டிரிப் ஆனதாகக் காட்டியதால் ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் பூட்டிக்கொண்டது. ஒன்பது நிமிடங்கள். அந்த அம்மாள் வெளியே வந்து என்னிடம் சொன்னவற்றை இங்கே எழுத இயலாது. சொன்னதில் நியாயம் இருந்தது.

மறுநாள் ஆலோசகர் வந்து ஏ.சி.பி.யின் முகப்பிலுள்ள கண்ணாடி மூடியைத் திறந்தார். உள்ளே விரல்நகம் அளவில் ஐந்தாறு குமிழ்கள், ஒவ்வொன்றிலும் ஸ்குரூடிரைவர் நுழைய ஒரு கீறல், சுற்றிலும் பொடி எழுத்தில் எண்கள். அவருடைய அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணையே இருந்தது: 800 ஆம்பியர் ஏ.சி.பி.க்கு நெடுநேரப் பளு 0.65, அதாவது 520 ஆம்பியர், மின்மாற்றியின் 533-க்குச் சற்றுக் கீழே. குறுநேர ஷார்ட்டுக்கு 0.3 நொடி தாமதம், கீழே உள்ள பிரேக்கர் தன் வேலையை முடிக்க அவகாசம் தருவதற்காக. குமிழ்களோ தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருந்தன. தாமதம் பூஜ்யம், உடனடித் துண்டிப்பு 2, அதாவது 1600 ஆம்பியர். மூன்று கிலோஆம்பியர் ஷார்ட் வந்ததும் கிரைண்டரின் பிரேக்கரும் பிரதான பிரேக்கரும் போட்டி போட்டுக்கொண்டு துண்டித்திருக்கின்றன. அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய ஸ்குரூடிரைவரை எடுத்து, நான்கு நிமிடங்களில் எல்லாவற்றையும் திருப்பி வைத்தார்.

பேனல் செய்தவர் அட்டவணையைப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அட்டவணையை எழுதியவர், அது குமிழில் ஏறியிருக்கிறதா என்று மின்சாரம் கொடுக்குமுன் வந்து பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். "சார், ஆய்வாளர் சான்றிதழோட என் ஸ்கோப் முடிஞ்சுது, ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். இருந்தது, நானே கையெழுத்திட்டிருந்தேன். அவர் அந்த வருகைக்குப் பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர் கடைசி நான்கு நிமிட வேலையை ஒப்பந்தத்துக்கு வெளியே விட்டுவைத்தது எனக்கு இன்றும் புரியவில்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். குறையும் அந்த ஒன்று முழுக்க அந்த வெள்ளிக்கிழமைக்கானது.

அறிக்கை தமிழில் இல்லை என்பது இன்னொரு சிறு குறை. கடையில் ஷிஃப்ட் பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்காக அந்தப் பதினான்காம் பக்கத்தை நானே தமிழில் எழுதி, லேமினேட் செய்து, பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

வரும் தை மாதத்துக்குப் பிறகு மாடியில் சூரிய மின்தகடுகள் வைக்கும் எண்ணம் இருக்கிறது. அதற்கும் அவரையே அழைத்திருக்கிறேன். இம்முறை ஒப்பந்தத்தில், மின்சாரம் கொடுக்கும் நாளன்று அவர் நேரில் நின்று ஒவ்வொரு குமிழையும் அட்டவணையோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதற்காகக் கூடுதலாக எட்டாயிரம் ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.